இடது கணுக்கால்

பெங்களூரு
3.6.2025

அன்புள்ள அக்கா சுலோச்சனாவுக்கு,

தம்பி பூபாலன் எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீ, உன் வீட்டுக்காரர் பாவா, உங்கள் பெண் மோனிகா, நம் நைனா நால்வரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நைனாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

நேற்றுதான் போனில் பேசினோமே, இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்புமேடை மேல் வைத்துவிட்டுப் பேசுகிறவள். நான் இங்கே தும்மினால் கூடத்திலிருந்து பாவா மாத்திரைப் பெயர் சொல்கிறார். சில விஷயங்களை உன்னிடம் மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. கப்பலில் இருந்த வருஷங்களில் உனக்கு எழுதியே பழகிய கை, அதனால் கஷ்டமாகவும் இல்லை.

முதலில் நல்ல செய்தி. விண்வெளிப் பயிற்சிக்கு எடுத்த ஆறு பேரில் இப்போது நான்கு பேர்தான் மிச்சம். கடற்படைக்காரன் நான் ஒருவன். இந்த நால்வரில் இரண்டு பேர் ராக்கெட்டில் ஏறுவார்கள். பதினைந்து வருஷம் விமானம் ஓட்டியாகிவிட்டது. ஆடுகிற கப்பலின் மேல்தளத்தில் இறங்கியாகிவிட்டது. யாரும் ஓட்டாத விமானத்தை முதலில் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லும் சோதனை விமானி வேலையும் ஏழு வருஷம் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது மேலே போவது ஒன்றுதான். எனக்கு அது வேண்டும் அக்கா. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வேறு எதற்கும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பெரிய மருத்துவப் பரிசோதனை நடந்தது. என் இதயத்தின் சுவர் ஓர் இடத்தில் கொஞ்சம் தடித்திருக்கிறதாம். தினமும் ஓடுகிறவர்களுக்கு அப்படி இருப்பது சகஜம் என்கிறார்கள். ஆனால் பரம்பரை நோயாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று ரத்தப் பரிசோதனையில் தெளிவாகத் தெரியவில்லை. அதனால் ஒரு கேள்வி கேட்கிறார்கள். வீட்டில் நாற்பது வயதுக்குள் யாராவது காரணம் தெரியாமல் திடீரென்று இறந்ததுண்டா? கஜபதி அண்ணன் இருபத்திரண்டு வயதில் பாம்பு கடித்துப் போனான் என்று எழுதியிருக்கிறேன். எனக்கு அப்போது பதினொரு வயது. நீ பெரியவள், உனக்குத்தான் சரியாகத் தெரியும். அது சரிதானே?

பதிலை நிதானமாக எழுது. எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி,
பூபாலன்

*

திருத்தணி
14.6.2025

என் தம்பி பூபாலனுக்கு அக்கா எழுதிக்கொண்டது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போட்டோவில் கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது.

ஸ்பீக்கரைக் கிண்டல் செய்தாய். இரண்டு கையிலும் மாவோடு நிற்கிறவள் போனைக் காதிலா ஒட்டிக்கொள்ள முடியும்? இருந்தாலும் கடிதம் வந்தது சந்தோஷம்தான். போன் பேசி முடித்தால் காற்றோடு போய்விடுகிறது, கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளலாம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் உனக்குப் பேனர் வைத்திருக்கிறார்கள். பாவாவின் சிநேகிதர் ராஜமாணிக்கம் வைத்தது. விண்ணை வெல்லப் போகும் தணிகை மண்ணின் மைந்தன் என்று போட்டிருக்கிறது. உன் முகத்தைவிட ராஜமாணிக்கத்தின் முகம்தான் பெரிதாக இருக்கிறது. நைனா தினமும் சாயங்காலம் டீ குடிக்கிற சாக்கில் அதன் எதிரே போய் உட்கார்ந்துவிடுகிறார். யாராவது "யாருங்க இது?" என்று கேட்க வேண்டும், அதற்குத்தான். "நம்ம சின்னவன். ராக்கெட்ல போறான்" என்று சொல்லிவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல டீயை ஊதுவார். எனக்குக் கல்யாணமான நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

திருவாலங்காட்டு நிலத்தில் கரும்பு நன்றாக வந்திருக்கிறது. ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்தால்தான் வெட்ட முடியும், அது வரும்போது வரட்டும். மோனிகாவுக்கு அரக்கோணத்திலிருந்து ஓர் இடம் வந்திருக்கிறது. பையனுக்கு ரயில்வேயில் வேலை. அவளுக்கும் பிடித்த மாதிரிதான் தெரிகிறது, போன் வந்தால் மாடிக்குப் போய்விடுகிறாள். நீதான் முப்பத்தேழு வயதாகியும் கல்யாணப் பேச்சை எடுத்தாலே நழுவுகிறாய். மேலே போய் அங்கே யாரையாவது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறாயோ என்னவோ.

அண்ணன் விஷயம் கேட்டிருந்தாய். பாம்புதான்.

இதை நைனாவிடம் கேட்டுவிடாதே. அண்ணன் பேச்சை எடுத்தால் அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
சுலோச்சனா

*

பெங்களூரு
29.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே எல்லாருடைய சுகத்துக்கும் எழுது. நைனா டீயை ஊதுகிறதைப் படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மோனிகாவிடம் சொல், மாமன் மாடியைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டேன்.

இங்கே டாக்டர் சுந்தரமூர்த்தி என்று ஒருவர் இருக்கிறார். நம் பக்கத்துக்காரர்தான், மணவூரில் மாமியார் வீடு. அவர் விடுவதாக இல்லை. என்ன பாம்பு, எங்கே கடித்தது, எவ்வளவு நேரத்தில் உயிர் போனது என்று கேட்கிறார். ஆஸ்பத்திரிக் காகிதம் இல்லாவிட்டால் வீட்டில் விவரம் தெரிந்தவர் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்.

அவரைக் கோபித்துக்கொள்ள முடியாது. என் தொழிலும் அதுதான். விமானத்தை இறக்கியதும் எங்களிடம் ஒரு புத்தகத்தை நீட்டுவார்கள். பறக்கும்போது கண்ட குறையை அதில் எழுத வேண்டும். எங்கள் பேச்சில் அதற்கு ஸ்நாக் என்று பெயர். சின்னச் சத்தம், லேசான அதிர்வு, எதுவானாலும் எழுத வேண்டும். சந்தேகமாக இருந்தாலும் எழுத வேண்டும். எழுதினால் விமானம் நிற்கும், வேலை தள்ளிப் போகும், மேலதிகாரி முகத்தைச் சுளிப்பார். எழுதாவிட்டால் அடுத்து ஏறுகிறவன் சாவான். நான் எழுதியதால் ஒரு திட்டமே எட்டு மாதம் தள்ளிப் போனது. அதிலிருந்து ஸ்நாக் பூபாலன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அதைப் பட்டம் போல நினைத்துக்கொண்டு திரிகிறேன்.

அதனால் நீ என்ன எழுதுகிறாயோ அதை அப்படியே கொடுத்துவிடுவேன். சீக்கிரம் எழுது.

அன்புடன்,
பூபாலன்

*

திருத்தணி
9.8.2025

தம்பி பூபாலனுக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சௌக்கியம், உன் சௌக்கியத்துக்கு எழுதவும்.

பதில் போட ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஆடிக் கிருத்திகை வருகிறது. இப்போதே ஊரில் கால் வைக்க இடமில்லை, பாவாவின் பாத்திரக் கடையில் நானும் போய் நிற்க வேண்டியிருக்கிறது. நடுவில் நைனாவுக்குக் காய்ச்சல். பிறகு தண்ணீர் மோட்டார் ரிப்பேர். அப்படியே நாள் ஓடிவிட்டது.

டாக்டர் கேட்டதை எழுதுகிறேன். அது மாசி மாதம். திருவாலங்காட்டில் நம் நிலத்தில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. காய்ந்த கரும்புச் சோகைக்குள் கிடந்த கட்டுவிரியன் கடித்துவிட்டது. இடது கணுக்காலில் கடித்தது. வீட்டுக்குக் கொண்டு வந்து கிடத்தியபோது இரண்டு பல் பதிந்த இடம் சிவந்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமில்லை. அன்று சாயங்காலமே எடுத்துவிட்டோம். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இனிமேல் இதைக் கேட்டு எழுதாதே தம்பி. தபால்காரர் கடிதத்தை நைனா கையில்தான் கொடுக்கிறார். உன் எழுத்தைப் பார்த்ததும், "இன்னா எழுதிகிறான், படி" என்று எதிரே உட்கார்ந்துகொள்கிறார். நான் பாதியை விட்டுவிட்டுப் படிக்க வேண்டியிருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா
வே. சுலோச்சனா

*

பெங்களூரு
1.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன்.

என்னை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷக் கடைசியில் ஏறப்போகிற இருவரில் நான் ஒருவன். இன்னும் வெளியில் அறிவிக்கவில்லை, அதனால் ராஜமாணிக்கத்திடம் சொல்லாதே. நைனாவிடம் மட்டும் சொல்.

உன் கடிதத்தில் அண்ணனைப் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் எழுதி அசலோடு கொடுத்தேன். கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் சுந்தரமூர்த்தி இரண்டு முறை படித்தார். "உங்க அக்கா தெளிவா எழுதியிருக்காங்க" என்றார். எனக்குப் பரம்பரை நோய் இல்லை, ஓடி ஓடித் தடித்த இதயம்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

கொடுப்பதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். இடது கணுக்கால் என்று நீ எழுதிய வரியை ஏனோ திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

எல்லாருக்கும் என் அன்பு.

பூபாலன்

*

திருத்தணி
18.9.2025

தம்பி பூபாலனுக்கு அக்கா எழுதுவது. எல்லாரும் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நைனாவிடம் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். முட்டிவலியோடு முந்நூற்று அறுபத்தைந்து படியும் நடந்தே ஏறியிருக்கிறார். இறங்கி வந்தவர், "அவன் மேலேர்ந்து பாத்தா நம்ம மலை தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டேன். பொய்யாக இருந்தால் நீயே அவருக்குச் சொல்லிவிடு.

மோனிகாவுக்கு அரக்கோணத்து இடமே முடிவாகிவிட்டது. தை கடைசியில் கல்யாணம். நீ வந்துவிட வேண்டும், லீவு இல்லை என்கிற கதையெல்லாம் வேண்டாம்.

தம்பி, உன்னை ஒரு மெஷினில் வைத்துச் சுற்றுகிறார்கள் என்று போனில் சொன்னாயே. அதில் ரொம்ப நேரம் இருக்காதே. கூட இருப்பவர்கள் பத்து நிமிஷம் இருந்தால் நீ எட்டு நிமிஷத்தில் இறங்கிவிடு. முடியவில்லை என்று சொல்ல வெட்கப்படாதே. உனக்குச் சின்ன வயதில் வெயில் ஆகாது.

எனக்கு இப்போதெல்லாம் தூக்கம் சரியாக வருவதில்லை. வேறு ஒன்றுமில்லை, கல்யாண வேலைதான்.

அக்கா

*

பெங்களூரு
26.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளிக்கு நீ அனுப்பிய அதிரசம் உடையாமல் வந்து சேர்ந்தது. இங்கே எல்லாரும் தின்றார்கள். உன் தூக்கம் இப்போது எப்படி இருக்கிறது? நைனா எப்படி இருக்கிறார்? திருத்தணி மலை தனியாகத் தெரியாது என்று அவரிடம் சொல்லிவிடாதே. பார்க்கிறேன், மேலே போனதும் சென்னைக் கடற்கரையிலிருந்து விரலால் அளந்தால் ஓர் இடத்தைக் காட்ட முடியும்.

போன வியாழக்கிழமை சுற்றும் மெஷினில் இருந்தேன். உடம்பின் எடை எட்டு மடங்கு ஆகும். மூச்சை இழுத்துப் பிடித்து, கால் தசையை இறுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். எத்தனையோ முறை செய்ததுதான். மெஷின் நிற்கப்போகும் நேரத்தில் நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி ஒன்று. பார்வை ஓரத்தில் இருட்டியது. ஐந்தாறு விநாடி இருக்கும். நெஞ்சில் ஒட்டியிருந்த வயரில் ஒன்று வியர்வையில் கழன்றிருந்ததால் அந்த நேரத்து இதயத் துடிப்பு பதிவாகவில்லை. இறங்கியதும் கேட்டார்கள், ஏதாவது சொல்ல வேண்டியது உண்டா என்று. இல்லை என்றேன்.

வாழ்க்கையில் முதல் முறையாக நான் ஸ்நாக் எழுதவில்லை அக்கா.

ஏன் இதை உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மோனிகா எப்படி இருக்கிறாள்? ரயிலைப் பிடிக்க ஓடினால் அவளுக்கு மூச்சு வாங்குமா?

பதில் எழுது.

பூபாலன்

*

பெங்களூரு
7.12.2025

அக்காவுக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. போனில் கேட்டால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று பாவா கையில் போனைக் கொடுத்துவிடுகிறாய். நான் நலம். உன் நலத்துக்கு இரண்டு வரி எழுது.

பூபாலன்

*

திருத்தணி
2.1.2026

தம்பி பூபாலனுக்கு,

நாங்கள் நலமாக இல்லை. இந்தக் கடிதத்தை நானே தபால் நிலையத்துக்குப் போய் ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். நைனாவுக்குத் தெரியாது.

முந்தாநாள் படித் திருவிழா. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டே ஏறினோம். மோனிகாவின் வருங்கால மாமியார் தேவகியும் அரக்கோணத்திலிருந்து வந்திருந்தார். இருநூறு படி தாண்டியிருப்போம். மோனிகா நின்றாள். நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு, "இன்னாம்மா, ஒரு மாதிரி இருக்குது" என்றாள். சொல்லி முடிக்கவில்லை, சரிந்துவிட்டாள். பின்னால் வந்த பஜனைக்காரர் ஒருவர் பிடிக்காவிட்டால் தலை கல்லில் மோதியிருக்கும். அரை நிமிஷம், ஒரு நிமிஷம், எனக்கு எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு கண்ணைத் திறந்தாள்.

"வெறும் வயித்துல ஏறினா மயக்கம் வராம இன்னா பண்ணும்" என்று தேவகி சொன்னார். எல்லாரும் ஆங், ஆங் என்றார்கள். நானும் ஆங் என்றேன். சொல்லும்போதே என் அம்மா இதே மாதிரி சொன்னது காதில் கேட்டது. என் நிச்சயதார்த்தத்தன்று அண்ணன் தாம்பாளத்தோடு மயங்கி விழுந்தான், உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. வெயில் என்றோம். அதற்கு முன்னால் வாய்க்கால் ஓரத்தில் ஒருமுறை விழுந்தான். பசி என்றோம்.

பூபாலா, அண்ணனைப் பாம்பு கடிக்கவில்லை.

நானும் மூன்று மாதம் பாம்பு என்றுதான் நம்பி அழுதேன். கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "மயக்க நோயி இருக்கிற வூடுன்னு தெரிஞ்சா உன்ன யாரு கட்டுவான்? அதான் நைனா பாம்புன்னுட்டாரு. யாரு கேட்டாலும் பாம்பு. உன் புருஷன் கேட்டாலும் பாம்பு." அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அம்மா போய்ச் சேர்ந்தும் பத்து வருஷமாகிவிட்டது. அம்மா சொன்ன நாளிலிருந்து பாவாவிடம்கூட நான் வாய் திறந்ததில்லை. அப்படியானால் காலில் இருந்த அந்த இரண்டு புள்ளி எப்படி வந்தது என்று அம்மாவைக் கேட்டேன். எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். இன்றுவரை எனக்கு அது தெரியாது.

எனக்காகச் சொன்ன பொய் அது. அதை மறுபடி உனக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் ஆசையும் மோனிகாவின் கல்யாணமும் கெடக்கூடாது என்று நினைத்தேன். உன் நெஞ்சில் மீன் துள்ளியதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதும் எழுதவில்லை. என் மகள் விழுந்த பிறகுதான் எழுதுகிறேன். நான் எப்படிப்பட்ட அக்கா என்று நீயே பார்த்துக்கொள்.

இதை டாக்டரிடம் கொடுத்துவிடு. உன் கனவைக் கெடுத்தவள் நான்தான். ஆனால் நீ உயிரோடு இருந்து என்னைத் திட்டு.

சுலோச்சனா

*

பெங்களூரு
12.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொன்னபடி மோனிகாவுக்குச் சென்னை ஆஸ்பத்திரியில் பத்தொன்பதாம் தேதிக்கு இடம் வாங்கியாகிவிட்டது. டாக்டர் சுந்தரமூர்த்தியே பேசினார். நீயும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதுவரை அவள் ஓடக்கூடாது, படி ஏறக்கூடாது. இதுதான் முதல் விஷயம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

போனில் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். அந்த இரண்டு புள்ளி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அண்ணனுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு போனவன் நான். அவன் தலையில் வைத்திருந்த கரும்புக்கட்டைத் தானே கீழே போட்டான். நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு, "பூபாலா, தண்ணி குட்றா" என்றான். நான் தூக்கைத் திறப்பதற்குள் விழுந்துவிட்டான். அங்கே பாம்பு எதுவும் இல்லை. நைனா ஓடி வந்தார். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார், நெஞ்சில் காது வைத்துப் பார்த்தார். அழவில்லை. வெட்டுகிற ஆட்கள் தூரத்தில் இருந்தார்கள். அவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "வரப்புல போயி ஒரு முள்ளு ஒடிச்சிகினு வா" என்றார்.

அண்ணன் காலில் ஏதோ தைத்திருக்கிறது, எடுத்தால் எழுந்துவிடுவான் என்று நினைத்து ஓடினேன். வேலிக்காத்தான் முள், நீளமானதாகப் பார்த்து ஒடித்துக் கொடுத்தேன். நைனா அண்ணனின் இடது காலை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு முறை குத்தினார். அதற்குப் பிறகுதான் பாம்பு, பாம்பு என்று கத்தினார். யாரிடமும் சொல்லாதே என்றுகூட அவர் என்னிடம் சொல்லவில்லை. நானாகத்தான் சொல்லவில்லை. இருபத்தேழு வருஷம் ஆகப்போகிறது. கல்யாணப் பேச்சை எடுத்தால் நான் நழுவியதற்கும் அதுதான் காரணமோ என்று இப்போது தோன்றுகிறது.

தெரிந்துகொண்டேதான் உன்னைக் கேட்டேன். நீ பாம்பு என்று எழுதினால் அது உன் வார்த்தை, என் வார்த்தை இல்லை, அதைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விடலாம் என்று இருந்தேன். இடது கணுக்கால் என்று நீ எழுதியிருந்ததை அதனால்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ பார்த்தது உண்மை. அதைச் செய்த முள்ளைக் கொடுத்தவன் நான். பொய்யை உன் கையால் எழுத வைத்தவனும் நான்தான். அடுத்து ஏறுகிறவன் சாவான் என்று உனக்குப் பெரிதாகப் பாடம் எழுதினேனே, அடுத்ததாக விழுந்தது நம் மோனிகா.

உன் கடிதத்தையும், நான் பார்த்ததையும், அக்டோபரில் எழுதாமல் விட்டதையும் முந்தாநாள் எழுதிக் கொடுத்துவிட்டேன். டாக்டர் படித்துவிட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ராக்கெட் இல்லை என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விமானமும் இல்லை. இனிமேல் எனக்கு மேசை வேலைதான்.

ராக்கெட்டில் எங்கள் இருக்கையை உடம்பின் அளவுக்கு அச்சு எடுத்துச் செய்வார்கள். ஒருவருடையது மற்றவருக்குப் பொருந்தாது. இன்று காலை என்னுடையதைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்தேன். அழுதேன் அக்கா. என் வயதில், எல்லார் எதிரிலும்.

நைனா மேல் கோபப்படாதே. பெரியவன் போய்விட்டான் என்று தெரிந்த அடுத்த நிமிஷம் பெண்ணைக் காப்பாற்றப் பார்த்தார். நம் வீட்டில் எல்லாரும் யாராவது ஒருவரைக் காப்பாற்றிக்கொண்டேதான் இருந்திருக்கிறோம். இந்தக் கடிதத்தை அவர் கேட்டால் விடாமல் படி.

பூபாலன்

*

திருத்தணி
5.2.2026

என் தம்பி பூபாலனுக்கு அக்கா எழுதுவது.

மோனிகா தேறிவிட்டாள். தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள். இதயத் துடிப்பு தப்பினால் அது ஓர் அடி கொடுத்து எழுப்பிவிடுமாம். எனக்கும் தடிப்பு இருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பாவாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "மாத்திரை போட்டியா?" என்று கேட்டார். உனக்கு அங்கே மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

அரக்கோணத்துக்காரர்கள் போன ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார்கள். ஏதோ மயக்கம், இப்போது சரியாகிவிட்டது என்று சொல்லலாம் என்றுதான் பாவாவின் சிநேகிதரெல்லாம் சொன்னார்கள். காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். நைனா எழுந்து நின்றார். "என் பெரிய பையன பாம்பு கடிக்கல. நெஞ்சு நின்னு செத்தான். சின்னவனுக்கும் அந்த நோயி, பேத்திக்கும் அந்த நோயி. நான்தான் பாம்புன்னு சொல்லிகினு இருந்தேன்" என்றார். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். சொல்லவில்லை. மோனிகா இரண்டு நாள் மாடியிலேயே இருந்தாள். கீழே வந்தபோது போன் அவள் கையில் இல்லை. அந்த வெறும் கையைப் பார்க்கிறேன். ஆனால் அவள் நடந்து வருகிறாள், அதையும் பார்க்கிறேன்.

பேனரை நைனாவே போய்க் கழற்றச் சொல்லி, சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பரண் மேல் வைத்திருக்கிறார்.

நேற்று உன் கடிதத்தைப் படிக்கச் சொன்னார். நீ சொன்னபடி ஒரு வரி விடாமல் படித்தேன். முள் வந்த இடத்தில் நிறுத்தினேன். "படி" என்றார். படித்து முடித்ததும் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே பேசினார். "முள்ள எடுத்துகினு ஓடி வரசொல்ல அது சின்னவன் கையிலியும் குத்திட்ச்சி. உள்ளங்கை பூரா ரத்தம். வலிக்குதுன்னு சொல்லாம என் எதுருல நின்னுகினு இருந்தான். நான் பாத்தேன். பாத்தும் இன்னாடான்னு ஒரு வார்த்த கேக்கல." அண்ணன் போனதற்கு அன்றைக்கு அழாதவர் நேற்று அழுதார்.

லீவு கிடைத்ததும் வா. உடம்பைப் பார்த்துக்கொள். மற்ற சுகமெல்லாம் நான் விசாரித்துவிட்டேன், நைனாவுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டுமாம். முள் குத்தின இடம் ஆறிவிட்டதா என்று கேட்டு எழுதச் சொன்னார்.

அக்கா
சுலோச்சனா